எம்.எஸ்.டி 6ஏ.எல்-2: வேகத்துக்கு இல்லை, ஒழுங்குக்கு

பெட்ரோல் இன்ஜினின் பிளக்குகளுக்கு ஸ்பார்க் கொடுக்கிற எம்.எஸ்.டி கம்பெனியின் இக்னிஷன் பெட்டி இது. இந்தச் சிவப்புப் பெட்டியை மாட்டினால் குதிரைத்திறன் கூடுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏற்கெனவே மிஸ்ஸிங் இல்லாமல் ஓடுகிற இன்ஜினில் பெரிதாக ஒன்றும் கூடாது. அப்படியிருந்தும் 300 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன், இன்னொரு கார் கட்டினாலும் இதையே வாங்குவேன்.

என் கார் 1972 செவி நோவா. அதன் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினை ஓவர்சைஸ் போர் போட்டு (சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாக்கி) 355 ஆக்கியிருக்கிறேன். அலுமினிய ஹெட், ஹைட்ராலிக் ரோலர் கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஓட்டுவது டல்லாஸுக்குத் தெற்கே எனிஸில் உள்ள டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸில். பில்லி மேயர் 1986-இல் கட்டிய கான்கிரீட் டிராக் ரேஸ் தடம் அது; நேர்கோட்டில் கால் மைல் ஓட்டம். எடி ஹில் 1988 ஏப்ரலில் 4.990 விநாடியில் கால் மைலைக் கடந்து, நைட்ரோமீத்தேனில் ஓடுகிற டாப் ஃபியூயல் கார்களில் முதன்முதலாக 5 விநாடிக்குக் கீழே போனது இங்கேதான். என் நோவாவுக்கு அதே தூரத்துக்கு 12 விநாடிச் சொச்சம் ஆகும். சிரிக்க வேண்டாம், பிராக்கெட் ரேஸில் அது போதும்.

பிராக்கெட் ரேஸ் தெரியாதவர்களுக்கு: உங்கள் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். 12.40 என்று எழுதிவிட்டு 12.38 ஓடினால் 'பிரேக்அவுட்', பெரும்பாலும் தோல்விதான். மெதுவான காருக்கு முன்னாலேயே பச்சை விளக்கு கிடைக்கும். ஆக, ஜெயிப்பது வேகமான கார் இல்லை, சொன்ன நேரத்துக்கு வந்து சேருகிற கார். டெக்சஸ் வெயிலில் மதியம் ஒரு காற்று, சாயங்காலம் ஒரு காற்று. நேரம் தானாகவே மாறும். அதை நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். இக்னிஷனும் தன் பங்குக்கு ஆட்டம் காட்டினால் கணக்கு எங்கே நிற்கும்?

வி8 இன்ஜின் 6000 ஆர்.பி.எம்-இல் விநாடிக்கு 400 ஸ்பார்க் கேட்கும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 2.5 மில்லி விநாடிதான். காண்டாக்ட் பாயிண்ட் திறந்து மூடுகிற பழைய பாயிண்ட் சிஸ்டத்தில் அந்த இடைவெளியில்தான் காயில் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆர்.பி.எம் ஏற ஏற அதற்கு நேரம் போதாமல் ஸ்பார்க் மெலியும். எம்.எஸ்.டி வேறு வழியில் போகிறது: பெட்டிக்குள் இருக்கிற கபாசிட்டரை 500 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, அதை ஒரே அடியாகக் காயிலுக்குள் இறக்குகிறது. மேல் ஆர்.பி.எம்-இலும் அடி குறைவதில்லை. அந்த ஸ்பார்க் கொஞ்ச நேரமே நிற்கும் என்பதால், கிராங்க் 20 டிகிரி சுற்றும்வரை அடுத்தடுத்துப் பல ஸ்பார்க் கொடுக்கிறார்கள். எம்.எஸ்.டி (மல்டிபிள் ஸ்பார்க் டிஸ்சார்ஜ்) என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் 'பல' எல்லாம் ஏறத்தாழ 3000 ஆர்.பி.எம் வரைக்கும்தான், அதற்கு மேல் நேரம் இல்லை, ஒன்றே ஒன்று. ஐடில் சுத்தமாக இருக்கும், பிட்டில் (கார்கள் காத்திருக்கிற இடத்தில்) உருட்டிக்கொண்டு நிற்கும்போது பிளக் கறுத்துப்போகாது. எனக்குத் தெரிந்த பலன் அவ்வளவுதான்.

நான் காசு கொடுத்தது டூ-ஸ்டெப்புக்கு. சாதா டிஜிட்டல் 6ஏ.எல்-இல் ஒரே ரெவ் லிமிட்டர் (ஆர்.பி.எம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது). 6ஏ.எல்-2-இல் இரண்டு: ஒன்று இன்ஜினைக் காப்பாற்ற, இன்னொன்று ஸ்டார்ட் லைனில் ஆர்.பி.எம்-ஐப் பிடித்து வைக்க. தனியாக வருகிற ஒரு வயருக்கு 12 வோல்ட் கொடுத்தால் இரண்டாவது லிமிட் விழும், கரண்டை எடுத்தால் போய்விடும். என்னுடையதை 2600-இல் வைத்திருக்கிறேன். பிரேக்கை மிதித்து, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தினால் இன்ஜின் தடதடவென்று அந்த இடத்திலேயே நிற்கும். ஸ்டார்ட் விளக்குகளில் கடைசி மஞ்சள் எரிந்ததும் விட்டால் போதும். முன்பெல்லாம் டாக்கோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே விளக்கையும் பார்க்க வேண்டும். ஒரு தடவை 2400, ஒரு தடவை 2800. முதல் 60 அடி நேரமே அங்கு அலைந்துகொண்டிருந்தது. இப்போது டைம் ஸ்லிப்பை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரி அசைவதே இல்லை. இதை லைன் லாக் பட்டனோடு (முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைப்பது) சேர்த்துக் கட்டுவார்கள் சிலர். அப்படிக் கட்டினால், டயரைச் சூடாக்கச் சுழலவிடுகிற பர்ன்அவுட்டிலும் லிமிட்டர் குறுக்கே வரும். தனி சுவிட்ச் போடுங்கள்.

வயரிங் கஷ்டமில்லை, ஆனால் சோம்பேறித்தனம் ஆகாது. தடிமனான சிவப்பும் கறுப்பும் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும். ஃபியூஸ் பாக்ஸில் எங்கேயாவது சொருகுவது வேண்டாம். அப்பா கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். எந்த மோட்டார் வந்தாலும், "பிரிக்கறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருடா" என்பார். இந்தப் பெட்டிக்கும் அதே மந்திரம்தான். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வருகிற ஊதா, பச்சை சிக்னல் வயர்களை முறுக்கி, பிளக் வயர்களை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். காயிலுக்குப் போகிற ஆரஞ்சு, கறுப்பு வயர்களில் டெஸ்ட் லைட்டெல்லாம் வைக்கக் கூடாது. அப்புறம், பெட்டியோடு வருகிற, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற சின்ன டயோடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய ஜி.எம் கார்களில் ஆல்டர்னேட்டர் வார்னிங் லைட் வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பி வரும். பெட்டிக்கு அந்தச் சொட்டே போதும். சாவியை உருவிக் கையில் வைத்திருப்பீர்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

பிளக் வயரில் சாலிட் கோர் (உள்ளே வெறும் உலோகக் கம்பி) வேண்டவே வேண்டாம். அதன் இரைச்சல் எலக்ட்ரானிக்ஸைக் குழப்பும். நான் போட்டிருப்பது எம்.எஸ்.டி-யின் 8.5 மில்லிமீட்டர் சுருள் கோர் வயர். பிளக் என்.ஜி.கே ரேசிங், 7-ஆம் நம்பர் ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு சூட்டை வெளியே கடத்தும் என்ற அளவு), இடைவெளி 0.9 மில்லிமீட்டர். என்.ஜி.கே-யில் நம்பர் கூடினால் பிளக் குளிர்ச்சி, ஆட்டோலைட் கம்பெனி பிளக்கில் நம்பர் கூடினால் சூடு. கடையில் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். இன்னொன்று, கேமோடு பல் சேர்ந்து சுழலுகிற டிஸ்ட்ரிபியூட்டர் கியர்: ஸ்டீல் ரோலர் கேமில் சாதாரண இரும்பு கியரைப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். கேம் செய்தவர்கள் எந்த கியர் சொல்கிறார்களோ அதையே போடுங்கள். வெண்கலம் என்றால் அது தேயத்தான் தேயும், அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

குறைகள் உண்டு. ஆர்.பி.எம் வைக்கிற டயல்கள் பொடிசு; பிட் வெளிச்சத்தில் குட்டி ஸ்க்ரூடிரைவரோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திருப்ப வேண்டும். ஓட்டத்துக்கு நடுவே டைமிங்கைக் குறைக்கிற வசதி இதில் கிடையாது. கூடுதல் சக்திக்கு நைட்ரஸ் வாயு அடிப்பவர்கள் புரோகிராமபிள் மாடலைப் பார்க்க வேண்டும். போலிச் சரக்கும் நிறைய. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்கு வாங்கிய 'எம்.எஸ்.டி' காயில் 5000-ஐத் தாண்டியதும் மிஸ்ஸிங் அடித்தது. ஸ்டிக்கரின் எழுத்துகூட மங்கல். பணம் திரும்ப வரவில்லை. பெயர்பெற்ற ஸ்பீடு ஷாப்பில் வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

டாப் ஃபியூயல் கார்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், 44 ஆம்ப் மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க் உண்டாக்குவது) இரண்டு. நைட்ரோமீத்தேன் அவ்வளவு கேட்கும்; பாதி ஓட்டத்திலேயே பிளக் முனை எரிந்துபோகும். அதைப் பார்த்துவிட்டு 12 விநாடி காருக்கு எம்.எஸ்.டி-யின் 7 சீரிஸ் பெட்டி வேண்டும் என்று நிற்பவர்களைப் பிட்டில் பார்க்கிறேன். பம்ப் பெட்ரோலில், டர்போவும் நைட்ரஸும் இல்லாமல் ஓடுகிற இன்ஜினுக்கு 6 சீரிஸே தாராளம். மிச்சப் பணத்தில், இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் நல்லதாக ஒன்று வாங்கலாம். தெருவில் மட்டும் ஓட்டுகிறவருக்கு டூ-ஸ்டெப்பும் தேவையில்லை, சாதா 6ஏ.எல் போதும்.