டிலனை எங்கே தொடங்குவது: 1963-ஆ, 1965-ஆ?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் புதிதாகக் கேட்பவர்கள் முழிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில்தான்: 1963-இன் 'ஃப்ரீவீலின்', 1965-இன் 'ஹைவே 61 ரீவிசிட்டட்'.

ஒலி: முன்னதில் கிட்டத்தட்ட முழுக்க ஒரு கிதார், ஒரு மௌத் ஆர்கன், அவ்வளவுதான். பின்னதில் எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் என்று முழுக் குழு; அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் இப்படி வாசித்தபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது, ஏன் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

வரிகள்: அங்கே போரையும் இனவெறியையும் நேராகக் கேட்பார். இங்கே கடைசிப் பாட்டு மட்டும் 11 நிமிடம், சிண்டரெல்லாவும் ஐன்ஸ்டீனும் வந்து போவார்கள், எனக்கு மூன்றாம் தடவைதான் கொஞ்சம் பிடிபட்டது.

வரி புரிய வேண்டுமா, 1963. வரி கிடக்கட்டும், தாளம்தான் வேண்டும் என்றால் சரி, 1965.