அப்பாவும் தட்டடவும்: பார்க்கின்சன் நடன வகுப்பில் ஆறு வருடம்

அப்பாவுக்கு 74 வயது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 36 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டினாலும் விரலால்கூடத் தாளம் போடாத மனுஷன். அவர் 2019 பிப்ரவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நடன வகுப்புக்குப் போய்வருகிறார். பார்க்கின்சன் நோயோடு இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ வைத்துக்கொண்டு, “டான்ஸ் தெரபின்னு சொல்றாங்களே, அனுப்பலாமா?” என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நோய் என்று தெரிந்தது 2015-இல். கை நடுங்கியதை வைத்து அல்ல. கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப்போய், வங்கியில் காசோலையைத் திருப்பி அனுப்பினார்கள். நடக்கும்போது வலது கை வீசவே இல்லை. நரம்பியல் டாக்டர் அவரை வராந்தாவில் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்த உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகிற நோய் இது. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் முதலில் விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்கிறார்கள். தமிழில் நடுக்குவாதம் என்று எழுதுவதால், நடுக்கம்தான் நோய் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நடுக்கம் பெரிய பிரச்சினையே இல்லை. உடம்பு இறுகிப்போவதும், எல்லா அசைவும் மெதுவாகிப்போவதும், திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்வதும்தான் அவரை முடக்கின. “கால்ல பசை தடவி விட்டாப்ல இருக்கும்மா” என்பார். அதுவும் பாத்ரூம் வாசலில் சரியாக அந்த நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிடுவார். போகவேண்டும் என்று மனம் சொல்லும், கால் கேட்காது. பின்னாலிருந்து நாங்கள் “எடுத்து வைங்கப்பா” என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும்.

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பார்க்கின்சனும் ஒன்று. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. எங்களுக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் முதலில் போனது இப்போதைய வகுப்புக்கு அல்ல. 2018-இல் ஒரு அமைப்பு நடத்திய ‘நடன சிகிச்சை’க்கு ஐந்து மாதம் போனோம். பெரிய ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போடுவார்கள். கையைத் தூக்கு, இறக்கு, தட்டு, அவ்வளவுதான். எழுபது வயது ஆட்களைப் பார்த்து “செல்லங்களா” என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடை ஏற்றப்போவதாகச் சொல்லி நாலு மணிக்கே வரச்சொன்னார்கள். விருந்தினர் வந்தது ஏழேகாலுக்கு. அப்பாவின் மாத்திரை வேகம் ஆறு மணிக்கே இறங்கிவிட்டது. மேடை ஏறி மூன்றாவது அடியில் உறைந்து நின்றார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. அதன் பிறகு நாங்களும் அங்கே போகவில்லை.

இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் உண்டு. நடன சிகிச்சை என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஒன்றில்லை. உங்கள் அப்பாவுக்கு ஓரிடம் ஒத்துவரவில்லை என்றால், நடனமே ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இப்போதைய வகுப்பை நடத்துகிற டீச்சர் பரதநாட்டியம் படித்தவர். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு, உள்ளூர் பார்க்கின்சன் குழுவோடு சேர்ந்து 2001-இல் தொடங்கிய வகுப்புகள்தான் உலகம் முழுக்க இந்தத் துறைக்கு முன்மாதிரி. அவர்கள் வகுத்த ஒழுங்கையே இவரும் எடுத்துக்கொண்டிருக்கிறார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து நின்றபடி, அப்புறம்தான் கூடத்தில் நடை, கடைசியில் எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்பது. வந்திருப்பவர் மாணவர், சொல்லிக்கொடுப்பது நடனம் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். புனேயில் ஹ்ருஷிகேஷ் பவாரும் பார்க்கின்சன்காரர்களுக்குப் பல வருடமாக நடனம் சொல்லித்தருகிறார். சென்னைக்கும் இது அந்நியம் இல்லை. அம்பிகா காமேஷ்வர் 1989-இல் இங்கே தொடங்கிய ரசா அமைப்பு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக்கு நடனத்தையும் நாடகத்தையும் கொண்டுபோனது.

முதல் நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. டீச்சர் தட்டுக்கழியோடு கீழே உட்கார்ந்து ‘தெய்யா தெய்’ என்று சொல்லித் தட்டினார். பரதநாட்டியத்தில் முதலில் படிக்கிற அடிப்படை அசைவான தட்டடவுக்கு உரிய சொல் அது. பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தட்டினார்கள். பிறகு கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அப்பாவிடம் நின்றார். “ஐயா, முழங்கை தொங்குது. தோள் மட்டத்துக்கு வரணும்.” அப்பா தூக்கினார். “இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே நிறுத்துங்க.” நோய் வந்து நாலு வருடத்தில் யாரும் அப்பாவிடம் அப்படிக் கறாராகத் திருத்திப் பேசியதில்லை. எல்லோரும் ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். திரும்பும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார்: “அந்தம்மா அளவு பாக்குறாங்க.” ஃபிட்டர் ஒருவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தாளம் ஏன் வேலை செய்கிறது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் யோசிக்காமலே நடக்கிறோம். அந்த நடைக்குள் ஒரு காலக்கணக்கு ஓடுகிறது. அதை ஓட்டுகிற மூளைப்பகுதிதான் டோபமின் குறைவதால் தடுமாறுகிறது. ஆனால் கணக்கு வெளியிலிருந்து, காது வழியாக வந்தால், மூளை வேறு பாதையில் காலை எடுத்துவைக்க முடிகிறது. 1996-இலேயே மைக்கேல் தாவுட் என்ற ஆய்வாளர் பார்க்கின்சன்காரர்களை மூன்று வாரம் தாளத்தோடு நடக்கப் பழக்கி, வேகமும் அடியின் நீளமும் கூடுவதைக் காட்டியிருக்கிறார். கண் வழியாகவும் இதே உதவி கிடைக்கும். தரையில் குறுக்கே கோடு போட்டால், அதைத் தாண்டுவதற்குக் கால் எழும்பும். டீச்சர் சொன்னபடி பாத்ரூம் வாசலில் ஓர் அடி இடைவெளியில் மூன்று மஞ்சள் டேப் ஒட்டினோம். கோலத்தை மிதிக்காமல் தாண்டுகிற மாதிரி அப்பா தாண்டினார்.

நான் எதிர்பாராத இடங்களிலும் பலன் வந்தது. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல் சொல்லும் ஒற்றைக்கை முத்திரைகள் 28. அதில் ஏழெட்டு மட்டும்தான் வகுப்பில். முஷ்டியாக இறுக்கிய கையை விரல் விரலாக விரித்து அலபத்மம் ஆக்க வேண்டும், தாமரை மலர்வது மாதிரி. முதல் மாதம் அப்பாவின் சுண்டுவிரல் நகரவே இல்லை. எட்டாவது மாதம் சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொண்டார், மேல் பித்தான் தவிர.

அடுத்தது முகம். இந்த நோயில் முகத்தசைகள் இறுகி முகமூடி போட்டது போல ஆகிவிடும். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. “தாத்தா எப்பவும் கோவமா இருக்காரு” என்று கிட்டே போக மாட்டான். வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் அபிநயம். வெண்ணெய் திருடும் கண்ணனைப் பார்த்துவிட்ட யசோதையாக எல்லோரும் வியக்க வேண்டும், பொய்க்கோபம் காட்ட வேண்டும், பிறகு சிரிக்க வேண்டும். புருவத்தைத் தூக்கு என்று பயிற்சியாகச் சொன்னால் தூக்காத புருவம், கண்ணன் வந்தால் எழும்பியது. ஒருநாள் வீட்டில் மகன் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது அப்பா அதே பொய்க்கோபத்தைக் காட்டினார். பிள்ளை சிரித்துக்கொண்டே போய் அவர் மடியில் ஏறிவிட்டான்.

குரலும் அப்படித்தான். சொல்கட்டை, அதாவது அடவுக்கான தாளச் சொற்களை, எல்லோரும் உரக்கச் சொல்லியாக வேண்டும். போனில் எதிர்முனைக்குக் கேட்காத அளவுக்குத் தேய்ந்திருந்த குரல், ‘தெய்யா தெய்’ சொல்லும்போது கூடம் கடந்து வெளியே வந்தது.

சரி, பலிக்காதவை. நடுக்கம் துளியும் குறையவில்லை. மலச்சிக்கல், தூக்கத்தில் கைகால் உதறுவது, இரண்டிலும் மாற்றமில்லை. மாத்திரை அளவும் குறையவில்லை, கூடத்தான் கூடியிருக்கிறது. நடனம் நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் வாரந்தோறும் ஆடியவர்களைக் கவனித்து 2021-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆடாதவர்களை ஒப்பிட்டால் அவர்களின் அசைவுப் பிரச்சினைகள் மெதுவாகவே முற்றின என்கிறது அது. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் ஆடியவர்கள் 16 பேர் மட்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் கணக்கு எங்களிடம் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பிசியோதெரபிஸ்ட் எடுக்கிற சோதனை. வகுப்பில் சேர்ந்தபோது 19 வினாடி. 2020 ஜனவரியில் 14. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வகுப்பு நின்றது. டீச்சர் வாட்ஸ்அப்பில் சொல்கட்டைக் குரல்பதிவாக அனுப்பினார். முதல் மாதம் அப்பா ஒழுங்காகச் செய்தார், பிறகு விட்டுவிட்டார். தனியாக ஆட அவருக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் 22 வினாடி. விட்டால் போய்விடுகிற பலன் இது. வருடக்கணக்கில் போக முடிகிற தூரத்தில் உள்ள வகுப்பாகப் பாருங்கள்.

மாத்திரை நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். டோபமின் குறைவை ஈடுகட்டுகிற லெவோடோபா மாத்திரையைப் போட்டு அரை மணி, முக்கால் மணியில்தான் அப்பாவுக்கு உடம்பு இளகும். பருப்பு, முட்டை, பால் என்று புரதம் சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது. அதனால் வகுப்பு நாளில் இரண்டு இட்லியும் சட்னியும் மட்டும்தான், சாம்பார் கிடையாது. எல்லாம் டாக்டரைக் கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு. பத்தரை மணி வகுப்பை ஒரு முறை மூன்று மாதத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினார்கள். அந்த மூன்று மாதமும் அப்பா பாதி வகுப்பு நாற்காலியிலேயே கழித்தார்.

2022-இல் ஒரு விபத்து நடந்தது. நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்புகிற அடவு ஒன்றைச் சேர்த்தார்கள். பார்க்கின்சன்காரர்கள் அகலமாக வளைந்துதான் திரும்ப வேண்டும். அப்பா விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு நிற்கும் பகுதியில் இருவருக்கு ஒருவர் என்று தொண்டர்கள் நிற்கிறார்கள், அந்த அடவும் இல்லை. எனக்குக் கோபம் இருந்தது. கேள்வி கேட்டு, மாற்றங்களைப் பார்த்த பிறகே திரும்ப அனுப்பினேன். நீங்கள் சேர்க்குமுன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வழுக்குகிற ஃபைபர் நாற்காலி போட்டிருக்கிறார்களா, ஓரம் மடிந்த பாய் கிடக்கிறதா, ஒருவர் தடுமாறினால் கை எட்டுகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள், வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை அடியில் இருக்கிறது. எங்கள் வகுப்பு முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. நாலு வருடம் கேட்டும் கீழ்த்தளத்தில் இடம் கிடைக்கவில்லை. அதனாலேயே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம்.

செலவு என்று பார்த்தால் மாதம் 1,500 ரூபாய் கட்டணம். ஆட்டோவுக்கு அதைவிடக் கூடுதலாகப் போகிறது.

இப்போது அப்பா வாக்கர் வைத்து நடக்கிறார். அந்தச் சோதனை 26 வினாடி காட்டுகிறது. நிற்கும் பகுதியில் சேருவதில்லை, முழு வகுப்பும் நாற்காலியில்தான். முழங்கை மட்டும் தொங்காது. புதிதாக வருகிறவர்களின் கையை எட்டிப் பார்த்து, “மட்டம் பாருங்க சார்” என்கிறார்.

அம்மா ஒரு நாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. முதலில் ஆம்பிளைக்கு எதுக்கு டான்ஸ் என்றாள். பிறகு படிக்கட்டில் அமர்ந்து பூ கட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஆறு வருடம் படிக்கட்டில்தான். போன மாதம் ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும், விழிப்பு வந்தது. பாத்ரூம் பக்கம் விளக்கு எரிந்தது. எழுந்து போவதற்குள் அம்மாவின் குரல் கேட்டது, தூக்கக் கலக்கத்தில், ஆனால் தாளம் பிசகாமல். “தெய்யா தெய்… தெய்யா தெய்…” அதற்கு ஏற்றாற்போல வாக்கர் நகர்ந்தது. நான் எழுந்து போகவில்லை.

வாசல் டேப் மங்கிவிட்டது. இந்த வாரம் புதிதாக ஒட்ட வேண்டும்.