திருகோணமலையில் சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போகிறவர்கள் காசு கட்டும் முன் வாசியுங்கள்

நான் கணிதப் பிரிவில் ஏ.எல். எடுத்தவன். மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் எட்டாது, கிளிநொச்சியிலோ ஒலுவிலிலோ உள்ள பொறியியல் பீடம் கிடைத்தால் போதும் என்றிருந்தேன். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அந்தக் கிழமையே நகரில் இயங்கும் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. "2 வருடம் இங்கே, மற்ற 2 வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பிறகு பட்டம்" என்றார்கள். அம்மாவின் இரண்டு காப்புகளும் அடகுக்குப் போயின.

என் அப்பா மேசன். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் கூலிக்கு நின்றவர். 396 மீற்றர் நீளப் பாலம், அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடந்து போக வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்: "மகன், ஒரு கூம்பை வச்சு கொங்கிறீட் பார்ப்பாங்களே, அதைப் படிப்பிச்சிட்டாங்களா?"

"வீடியோவில காட்டினாங்க அப்பா."

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு முற்றத்தில் ஒரு பழைய பெயின்ற் வாளியில் ஈர மணலை மூன்று அடுக்காகப் போட்டார். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் குத்தினார். கவிழ்த்துத் தூக்கி, மணல் எவ்வளவு இறங்குகிறது என்று சாணால் காட்டினார். ஈரக் கொங்கிறீட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கும் உண்மையான ஸ்லம்ப் கூம்பு 300 மில்லிமீற்றர் உயரம், அடுக்குக்கு 25 குத்து. அதைக்கூட நான் பிறகு புத்தகத்தில்தான் படித்தேன். எங்கள் நிறுவனத்தில் கூம்பும் இல்லை, கொங்கிறீட்டின் பலம் பார்க்கக் கியூப் உடைக்கும் மெஷினும் இல்லை, மண் பரிசோதனைக்கு ஒரு சல்லடைகூட இல்லை. நிலத்தின் உயரம் அளக்கும் லெவல் கருவி 28 பேருக்கு ஒன்றே ஒன்று, அதன் முக்காலியிலும் ஒரு கால் நிற்காது. கேட்டால் "அடுத்த செமஸ்டரில் வரும்" என்பார்கள்.

2 வருடம் முடிந்ததும் கையில் தந்தது அந்த நிறுவனமே அச்சடித்த ஒரு டிப்ளோமா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு ஒப்பந்தமே தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சேர்வதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை இவை. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் இந்தப் பாடநெறிக்கு இருக்கிறதா? அந்த நிறுவகம் 2014இலிருந்து வாஷிங்டன் உடன்படிக்கையில் இருக்கிறது, அதனால் அது அங்கீகரித்த நாலு வருடப் பட்டத்துக்கு அந்த உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளிலும் மதிப்புண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியலாளராக வேலை செய்யப் பொறியியல் பேரவையில் பதிவும் வேண்டும். அவர்கள் காட்டும் நோட்டீஸை நம்ப வேண்டாம், நீங்களே நேரில் கேளுங்கள். அப்புறம், ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி இல்லை என்றால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். காசைத் திருப்பிக் கேட்டு முறைப்பாடு கொடுக்கப் போனபோதுதான் ரசீதுகளைச் சரியாகப் பார்த்தேன். மொத்தம் 19. எல்லாவற்றிலும் "வகுப்புக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. பாடநெறியின் பெயர் எழுதும் இடம் ஒன்றில்கூட நிரப்பப்படவில்லை.