மைலேஜ் கூட்டும் கருவி என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துவந்த என் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக 12க்கு இறங்கிவிட்டது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்க மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகினார்கள். "ஈசியூவையே ட்யூன் பண்ணிடும் சார், 20 சதவீதம் ஏறும்" என்றார்கள். ஈசியூ என்பது இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கணினி.

நிரூபித்தும் காட்டினார்கள், மோசடியே அங்கேதான். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, டேஷ்போர்டில் சராசரி மைலேஜைப் பூஜ்யமாக்கிவிட்டு, சிக்னல் இல்லாத சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டினார்கள். திரையில் 18 வந்தது. கருவி இல்லாமல் அதே மாதிரி ஓட்டினாலும் 18 வரும். போதாததற்கு, டயர்களில் காற்றை ஏற்றிவிட்டு, "80க்கு மேல் போகாதீங்க, திடீர்னு ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க, அப்பதான் கருவி வேலை செய்யும்" என்று நிபந்தனையும் போட்டார்கள். காற்றும் நிதானமும் மிச்சப்படுத்தும் பெட்ரோலைக் கருவியின் கணக்கில் எழுதிக்கொள்ளும் வேலை இது.

வழக்கம்போல ஓட்டி, டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். அதே 12. போய்க் கேட்டால், "ஈசியூ இன்னும் கத்துக்கிட்டு இருக்கு" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, செருகிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். ஓபிடி சாக்கெட்டில் 16 பின்கள் உண்டு. 16வது பின் பேட்டரி, 4வது பின் எர்த். பெரும்பாலான வண்டிகளில் ஈசியூவோடு பேசும் கேன் இணைப்பு 6, 14 ஆகிய பின்களில் வரும். என் வண்டியிலும் அப்படித்தான். இந்தக் கருவியில் 6, 14 இரண்டும் உள்ளே எதோடும் இணைக்கப்படவில்லை. மின்சாரத்தை எடுத்து மூன்று விளக்குகளை மினுக்குவதுதான் அதன் முழு வேலை. சாவியை எடுத்த பிறகும் மினுங்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்த 16வது பின்தான்; அதில் எப்போதும் கரண்ட் இருக்கும். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தையும் இதே கதை சொல்லி விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட அகப்படவில்லை.

நிஜமான கோளாறை வேறொரு மெக்கானிக் கண்டுபிடித்தார். கொஞ்ச தூரம் ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனார். முன்பக்க இடது சக்கரம் மட்டும் அனலடித்தது. பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகி, மிதிக்காதபோதும் பிரேக் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இது மைலேஜ் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம். அதைப் பார்க்காமல் விளக்கைச் செருகி அனுப்பியவர்கள்மீதுதான் எனக்குத் தாளாத கோபம்.

பழைய வண்டியில் மைலேஜ் விழுந்தால் பிரேக் உரசல், மூடாமல் சிக்கிய தெர்மோஸ்டாட், பழுதான ஆக்சிஜன் சென்சார், தேய்ந்த ஸ்பார்க் பிளக் இவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் அடைத்த ஏர் ஃபில்டரும் பெட்ரோலைத் தின்னும்.

யார் என்ன விற்க வந்தாலும் அதற்கு முன்பே உங்கள் மைலேஜை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஓட்டிய பின், முடிந்தால் அதே பம்பில், நாசில் தானாக நிற்கும்வரை மறுபடி நிரப்புங்கள். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் விடை. ஆனால் ஒரே ஒரு நிரப்பலை நம்பாதீர்கள். 400 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பிடித்தால் 16 வரும். நாசில் முன்கூட்டியே நின்று 23 லிட்டரே பிடித்தால் 17.4 என்று காட்டும். ஒரு சொட்டுகூட மிச்சமாகாமலே ஏறும் கணக்கு இது, விற்பவர்களுக்கு இதுவே போதும். நாலைந்து நிரப்பலின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள்.

இந்தக் கருவியை ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள், கழற்றிவிட்டு இதே மாதிரி அளந்து, எண்ணைக் கமென்ட்டில் போடுங்கள்.