வாசலில் காசா, முன்கூட்டியே காசா?

தெரியாத தளத்தில் ஆர்டர் போடும்போதெல்லாம் அம்மா கேட்பது: "இப்பவே கட்டணுமா, வந்தப்புறம் குடுத்தா போதுமா?"

செலவு: முன்பே கட்டினால் சில சமயம் தள்ளுபடி. வாசலில் கொடுத்தால் பல தளங்களில் தனிக் கட்டணம்.

நம்பிக்கை: 2010-இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரி கொண்டுவந்த பிறகுதான், கார்டு இல்லாதவர்களும் முகம் தெரியாத கடைக்கு முன்பணம் தரப் பயந்தவர்களும் துணிந்து வாங்கினார்கள். சீனாவில் அதே பயத்துக்கு வேறு வழி: 2004-இல் வந்த அலிபே என்ற ஆன்லைன் பணச் சேவை, பொருள் கிடைத்ததென்று வாங்கியவர் சொல்லும்வரை பணத்தைத் தானே பிடித்து வைத்தது. ஜெர்மனியிலோ பல கடைகளில் பொருளோடு பில்லும் வரும், பிறகு கட்டினால் போதும்.

ஆனால் வாசலில் காசு என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். போன வருடம் டெலிவரி தம்பி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கவரைப் பிரித்தோம், பச்சைச் சேலை கேட்டதற்கு முந்தியில் நூல் தொங்கும் மஞ்சள் சேலை வந்திருந்தது.

திரும்பப் பெறுதல்: முன்பே கட்டியது பெரும்பாலும் அதே கணக்குக்கு வரும். ரொக்கம் என்றால் வங்கி விவரம் தரவேண்டும், அதை ஆப்பில் மட்டும் கொடுங்கள், போனில் கேட்பவரிடம் வேண்டாம்.

பழகிய தளம், விலை அதிகமான பொருள் என்றால் கிரெடிட் கார்டு, வராவிட்டால் வங்கியிடம் முறையிடலாம். புதுக் கடை, சின்னத் தொகை என்றால் வாசலில் காசு.