கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு களிக் கடை

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையோரத்தில், பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் கார்த்திகை முதல் தை வரை நான்கு முறை ராகிக் களி சாப்பிட்டேன். நாட்டுக்கோழிக் குழம்புக்காகவே பலரும் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள் என்றாலும், என் கணிப்பில் அந்தக் கடையில் முதலிடம் களிக்குத்தான். கோழிக் குழம்பு அதற்கு இரண்டு படி கீழே நிற்கிறது.

தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரி முன்னால் நிற்பது. இதே மாவட்டத்துப் பையூரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ராகி ரகங்கள் பையூர் என்ற பெயரிலேயே வழங்குகின்றன. அப்படிப்பட்ட மண்ணிலும் நல்ல களி எல்லாக் கடைகளிலும் கிடைத்துவிடுவதில்லை. நெடுஞ்சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் உணவகத்தில், உருண்டையைப் பிட்டபோது நடுவில் வேகாத மாவு முடிச்சு முடிச்சாக இருந்ததைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். இந்தக் கடையில் அடுப்படி திறந்தே இருப்பதால், களி எங்கே கெடுகிறது, எங்கே தேறுகிறது என்பதை நின்று பார்க்க முடிந்தது.

முதலில் அரிசி நொய்யைக் குழைய வேகவைக்கிறார்கள். கொதிக்கும் அந்தக் கஞ்சியின் நடுவில் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டு, விறகை வெளியே இழுத்துத் தணலைக் குறைத்துவிட்டு, ஏறக்குறைய பத்து நிமிடம் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அவசரக்காரர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் ராகியில் இல்லை என்பதால், வெந்து பசையான மாவுச்சத்து ஒன்றே களியை உருண்டையாக நிறுத்த வேண்டியிருக்கிறது. மாவு வேகுமுன் கிண்டினால் கட்டி விழும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் அது கரையாது. பத்து நிமிடம் கழித்து, மேலே நிற்கும் நீரில் கொஞ்சத்தைச் சொம்பில் இறுத்து வைத்துக்கொண்டு, பானை அசையாதபடி கவைக்கோலால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் பானையின் சுவரோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கிண்டுகிறார். இறுகினால் மட்டும் இறுத்த நீர் திரும்ப உள்ளே போகிறது. கடைசியில் சமைக்கும் அம்மா ஈரக் கையால் களியைத் தொட்டுப் பார்க்கிறார். கையில் ஒட்டவில்லை என்றால்தான் பானை இறங்கும்.

தட்டில் வந்த உருண்டை மழையில் நனைந்த கருங்கல்லைப் போல மினுங்கியது. விரலால் பிட்டால் இழுபடாமல் பிட்டுக்கொண்டு வந்தது. நொய் இருக்கும் இடம் மட்டும் நாக்கில் இலேசாகத் தட்டுப்பட்டது. நான் பழக்கதோஷத்தில் மெல்லத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, “மென்னா பல்லுல ஒட்டிக்கும் சார், கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்குங்க” என்று அந்த அம்மா சொன்னது சரியான யோசனை.

குழம்புகளில் என் தேர்வு பிதுக்குப் பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வதால் அது பச்சை அவரை கிடைக்கும் பனிக்காலத்தோடு முடிந்துவிடும். மற்ற நாட்களில் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ வைப்பார்களாம். பருப்பு உடையாமல், அதே சமயம் அழுத்தினால் வெண்ணெய்போல் மசிந்து, தேங்காயும் மிளகாயும் அரைத்த விழுதோடு களியில் நன்றாகப் பற்றியது. கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கலாக இருந்தாலும், தனக்கென்று பெரிய சுவையில்லாத களிக்கு அந்தப் புளிப்பு வேண்டியதுதான். கோழிக் குழம்பில் பட்டையும் கிராம்பும் கோழியின் சுவையை மூடிவிடுகின்றன, அதன் மேல் அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் வேறு மிதக்கிறது. பரோட்டாவுக்கு அது பொருந்தலாம்.

களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சேர்ந்து 60 ரூபாய், கோழியோடு 160 ரூபாய். ஓர் உருண்டையே என்னைப் போன்றவர்களுக்குப் போதும். மறு உருண்டை கேட்பவர்கள் காலையிலிருந்து வயலில் நின்றவர்களாக இருப்பார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். களி ஒரே பானையில் ஒரே தடவைதான் கிண்டப்படுகிறது. மூன்றாம் முறை நான் பிற்பகல் இரண்டரைக்குப் போனபோது, உருண்டையின் மேல் தோல் காய்ந்து, உள்ளே ஆறி இறுகியிருந்தது. விலையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது. பொட்டலமாக வாங்கினால் பிளாஸ்டிக் பையில் களி வியர்த்துச் சவசவத்துவிடுகிறது. தூக்குப்போசி கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் அதிலேயே போட்டுத் தருகிறார்கள். நான்காம் முறை அப்படிக் கொண்டுவந்த ஓர் உருண்டையை இரவு தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். நொய்கூட அதற்குள் புளித்து மெத்தென்று ஆகியிருந்தது.