பழைய பௌலிங் பந்தா, புதுசா? துளை போடும் காசையும் சேர்த்துப் பார்ப்போம்

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் விழாமல் நின்ற பின்களை இரண்டாவது வீச்சில் சாய்க்க, வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பந்துக்குப் பழையதே போதும், அதைப் புதுசாக வாங்குவது தண்டச் செலவு. ஒரே வீச்சில் பத்து பின்னையும் சாய்க்கும் ஸ்ட்ரைக்குக்காக வளைத்துப் போடும் ரியாக்டிவ் பந்து, அதிலும் நீங்கள் சொந்தமாக வாங்கும் முதல் பந்து என்றால், கூட ஐம்பது டாலர் போனாலும் பரவாயில்லை, புதுசாகவே வாங்கிவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்துபொந்துகள் நிறைய இருக்கின்றன, அதற்குத்தான் இவ்வளவு நீளம். (யார்க்கர், கூக்ளி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும், இது பத்து பின்களைச் சாய்க்கும் பௌலிங்.)

"அண்ணே, கடையில 180 டாலர் சொல்ற பந்து, மார்க்கெட்பிளேஸ்ல ஒருத்தன் 40க்குத் தர்றான், எடுத்துடட்டுமா?" அமெரிக்காவில் லீக் தொடங்கும் செப்டம்பர் வாக்கில் இந்தக் கேள்வி யாராவது ஒரு தம்பியிடமிருந்து வந்துவிடும். ஆபீஸ் கூட்டத்தோடு போய் அங்கே கிடக்கும் பந்தை எடுத்துப் போட்டுப் பழகி, அப்புறம் லீக்கில் சேர்ந்து, பக்கத்து லேன் கிழவர் போடும் பந்து கடைசி நொடியில் வளைந்து, முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவிலான பாக்கெட்டில் போய் இறங்குவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் ஆசைதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "விரல் நுழையுதா பாத்தியா?"

ஏன் என்றால், துளை போட்ட பழைய பந்து அடுத்தவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டைவிரல் துளைக்கும் மற்ற இரண்டு விரல் துளைகளுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது ஸ்பான், எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே கை உணர்ந்துவிடும். அதோடு போகாது. ஒவ்வொரு துளையும் உள்நோக்கி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பொருந்தாத துளையில் விரலைவிட்டுப் பதினைந்து பவுண்டை, நம் கணக்கில் கிட்டத்தட்ட 6.8 கிலோவை, ஒரு மாலை முழுக்க வீசினால் பந்து நழுவாமலிருக்கத் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் நேரத்துக்கு வெளியே வராது, தோல் உரியும், மணிக்கட்டு வலிக்கும், கடைசியில் பந்து எங்கோ போகும். விலை குறைந்த பந்தால் ஆட்டம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான், பந்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, துளையை அடைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம். பந்து விற்று, கைக்கு அளந்து துளைத்துத் தரும் கடையான ப்ரோ ஷாப்பில் பழைய துளைகளில் திரவப் பிசினை ஊற்றி இறுகவிட்டு, சமன் செய்து, உங்கள் கைக்கு மறுபடி துளைத்துத் தருவார்கள். ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் மூன்று துளையையும் அடைத்து, திரும்பத் துளைத்து, விரல் துளைகளுக்குள் இன்ஸர்ட் என்ற ரப்பர் உறையும் கட்டைவிரல் துளைக்குள் ஸ்லக் என்ற பிளாஸ்டிக் உருளையும் வைத்தால் நூறு டாலரை ஒட்டி வந்து நிற்கும். பந்து ஓடும் தளமான லேனில் பூசும் எண்ணெய் பந்துக்குள் இறங்கியிருக்கும், அதை எடுத்து மேற்பரப்பைத் தேய்த்துத் தர இன்னொரு முப்பது. தபாலில் வந்த பந்து என்றால் அந்த எடைக்கு அனுப்புகூலி வேறு. ஆக 40 டாலர் பந்து உங்கள் கையில் ஒழுங்காக உட்காரும்போது 170, 180 ஆகிவிட்டது. அதே காசுக்கு ஆரம்ப நிலை ரியாக்டிவ் பந்து புதுசாக நூறு, நூற்றிருபது டாலருக்கு வாங்கி, அறுபது டாலரில் துளை போட்டு, வாரன்டியோடு எடுத்துக்கொண்டு போகலாம். யாரோ அடித்து முடித்த உயர்ரகப் பந்தைவிட உங்கள் கைக்கென்றே துளைத்த சாதாரணப் பந்து நல்ல ஸ்கோர் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

விதிவிலக்கு உண்டு. ஸ்பான் ஏற்கெனவே உங்கள் அளவுக்கு ஒத்துவந்தால் கணக்கே மாறிவிடும். விரல் இன்ஸர்ட் சில டாலர்தான், கட்டைவிரல் ஸ்லக்கை மட்டும் மாற்றித் துளைப்பதும் பெரிய செலவில்லை. அதனால் பழசு வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் ஒரு ப்ரோ ஷாப்பில் கையை அளந்து, அந்த அளவுச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரியாமல் பழைய பந்து தேடுவது குருட்டாட்டம். அப்புறம், விற்பவர் இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்று கேட்க மறக்காதீர்கள்.

இனி மேற்பரப்பு. பழசா புதுசா என்ற கேள்வி நிஜமாகவே சூடு பிடிப்பது இங்கேதான். மேற்பரப்பின் மகிமை இன்று நேற்று தெரிந்ததல்ல. 1973-லேயே டான் மெக்கூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறப்போட்டு மென்மையாக்கி, லேனைப் பிடித்துத் திரும்ப வைத்து, வரிசையாகப் பட்டங்களை அள்ளினார். பந்தின் தோல் இவ்வளவு கடினமாவது இருந்தாக வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. தோலுக்குப் புதுப் பொருள்களும் வந்தன: 1980-களில் யூரித்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். இந்த ரியாக்டிவின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். லேனில் பூசியிருக்கும் எண்ணெயை அவை உறிஞ்சுவதால்தான் எண்ணெய் முடிந்த இடத்தில் பந்து தரையைக் கவ்வித் திரும்புகிறது. நின்று வீசும் கோட்டிலிருந்து முதல் பின்வரை 60 அடி, அதில் எண்ணெய் பெரும்பாலும் 40 அடி அளவுக்கு இருக்கும், மிச்ச இருபதடியில்தான் பந்து தன் வித்தையைக் காட்ட வேண்டும்.

உறிஞ்சும் பந்து ஒருநாள் நிரம்பும். நூறு ஆட்டம் தாண்டி, ஒருமுறைகூடச் சுத்தம் செய்யாமல் பையில் போட்டு வைத்த ரியாக்டிவ் பந்து திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைத்தான் உரிமையாளர் 40 டாலருக்குத் தள்ளிவிடுகிறார். ஓரளவு உயிர் கொடுக்கலாம். துளைகளை டேப்பால் மூடி, ஒரு வாளியில் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து பந்தை அமுக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் பந்தின் மேலெல்லாம் சின்னச் சின்ன முத்தாக எண்ணெய் அரும்பி, தண்ணீர்மேல் மஞ்சளாக ஒரு படலம் மிதக்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருக்கும், இவ்வளவு எண்ணெயா என்று. (தயவுசெய்து சமையலறை ஓவனில் வைத்துச் சூடாக்காதீர்கள்.) பிறகு 500, 1000, 2000 என்று நுணுக்கம் கூடிக்கொண்டே போகும் அப்ரலான் உரசுதாள்களால் மாற்றி மாற்றித் தேய்த்தால் பழைய வளைவு நிறையவே திரும்பும், ஆனால் முழுதாகத் திரும்பாது. அந்த வித்தியாசம் புதிதாகக் கற்பவருக்குத் தெரியாது, ஆட்டத்துக்குச் சராசரி 190 புள்ளி எடுப்பவருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

நேரில் பார்த்து வாங்கினால் வெளிச்சமான இடத்தில் பந்தை மெல்ல உருட்டிப் பாருங்கள். பந்து உருண்ட தடமாக அதன்மேல் படிந்திருக்கும் எண்ணெய் வளையங்கள் விரல் துளையின் விளிம்பையே தொட்டுக்கொண்டு போனால், பழைய உரிமையாளர் போடும்போது பந்து துளைமேலேயே உருண்டிருக்கிறது, அந்த விளிம்புகள் அடிபட்டிருக்கும். அடுத்து இரண்டு விரல் துளைகளுக்கும் நடுவில் இருக்கும் பாலம். கால் அங்குலம் அகலம்கூடச் சில பந்துகளில் இருக்காது, முதலில் விரிசல் விழுவது அங்கேதான். நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். முடிபோல ஒரு கோடு இருந்து அதில் நகம் லேசாகத் தட்டினால் அது பெரும்பாலும் கீறலல்ல, விரிசல். பாலத்தில் மட்டும் என்றால் அடைத்துத் துளைத்துத் தப்பிக்கலாம். அதே கோடு பாலத்தைத் தாண்டிப் பந்தின் உடம்பில் நீண்டு போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மிச்சிகன் குளிரிலும் டெக்சஸ் வெயிலிலும் கார் டிக்கியிலேயே வருடக்கணக்காகக் கிடந்த பந்துகளுக்கு இது சர்வசாதாரணம். உள்ளே இருக்கும் கனமான நடுக்கட்டியான கோரும் வெளித்தோலும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, இழுபறியில் தோல் பிளந்துவிடும். புதுப் பந்து பிளக்காதா என்றால் அதுவும் பிளக்கும், ஆனால் வாரன்டி இருக்கும். அந்த வாரன்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்களுக்குக் கைமாறி வராது.

பழைய பந்தில் இன்னொரு கண்ணிவெடி சட்டம். சும்மா பொழுதுபோக்காக ஆடுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், லீக் ஆடுபவர்கள் கவனியுங்கள். ஒரு காலத்தில் பந்தின் சமநிலையைச் சரிசெய்ய விரல் நுழையாத நான்காவது துளை ஒன்றைப் பக்கவாட்டில் போடுவார்கள். யுஎஸ்பிசி, அதாவது அமெரிக்கா முழுக்க லீக்குகளுக்கு விதி எழுதும் அமைப்பு, 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. ஒவ்வொரு வீச்சிலும் விரல் நுழையாத துளை எதுவும் பந்தில் இருக்கக் கூடாது. பழைய பந்துகளில் இந்த நான்காவது துளை சகஜம், படத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் விற்கிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஜேசன் பெல்மான்டே பாணியில் கட்டைவிரல் விடாமல் இரண்டு கையால் வீசுபவர் நீங்கள் என்றால், கட்டைவிரல் துளையே உங்களுக்குச் சட்டவிரோதமான துளை, அதையும் அடைத்தாக வேண்டும்.

அனுமதி ரத்தான பந்துகள் வேறு சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2016-ல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜக்கால், ஜக்கால் கார்னேஜ் இரண்டும் கோருக்கான வரம்பை மீறியதால் அனுமதி இழந்தன. 2022-ல் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் தோல் கடினத்தில் தேறாமல் போனது. இரண்டுமே பேர்பெற்ற நிறுவனங்கள், பந்துகளும் பார்க்க அம்சமாக இருக்கும். யுஎஸ்பிசி தளத்தில் அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது, காசைக் கொடுக்கும் முன் பெயரைத் தேடிப் பாருங்கள். பந்தின் மேல் பொறித்திருக்கும் வரிசை எண் தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தாலும் போட்டிகளில் சிக்கல்தான்.

இதெல்லாம் ரியாக்டிவ் பந்தின் பாடு. பிளாஸ்டிக் பந்துக்கு இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. எண்ணெயை உறிஞ்சாது, அதனால் செத்தும் போகாது. நேராகப் போவதுதான் அதன் வேலை, இருபது வருடப் பந்தும் நேராகத்தான் போகும். பத்தாவது பின் மட்டும் ஓரத்தில் தனியாக நிற்கும்போது வளையும் பந்தை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுபவர்கள், குட்வில் மாதிரிப் பழைய சாமான் கடையில் பத்து டாலருக்குக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்தை எடுத்துவந்து, அடைத்துத் துளைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக் பந்துக்குச் செய்வதுபோல் இன்ஸர்ட், ஸ்லக் என்று இழைக்க வேண்டியதில்லை, வெறும் துளையே போதும், செலவு அந்த அளவுக்குக் குறையும். கடைசியில் புதுசின் விலையை நெருங்கினாலும் பாதகமில்லை, ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் வரும். யூரித்தேன் இரண்டுக்கும் நடுவில். கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், பழசிலும் நல்லது கிடைக்கும், ஆனால் அதன் பின்னால் அலைபவர்கள் அதிகமானதால் பழசே விலை ஏறிப்போய்க் கிடக்கிறது.

பழசுக்கும் புதுசுக்கும் நடுவே எனக்குப் பிடித்த மூன்றாவது வழி ஒன்று உண்டு. துளையே போடாத, தயாரிப்பு நின்றுபோன போன வருட மாடல்கள். நிறுவனங்கள் மாதத்துக்கு ஒன்றாகப் புதுப் பெயரில் பந்து இறக்கிக்கொண்டே இருப்பதால் போன வருடத்துச் சரக்கு கடைகளில் தள்ளுபடிக்கு வந்துவிடும். நிறம் சரியாகக் கலக்காத, உள்ளே கோர் எங்கே இருக்கிறது என்று காட்டும் பின் புள்ளி தள்ளி விழுந்த பந்துகளையும் குறை முத்திரை குத்திக் குறைத்து விற்பார்கள், அவை ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். மூன்று நான்கு வருடம் பெட்டியிலேயே இருந்ததை மட்டும் யோசித்து வாங்குங்கள், ரியாக்டிவ் தோல் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். இணையத்தில் வாங்கினால் இன்னொரு விஷயம், தன்னிடம் வாங்காத பந்துக்குப் பல ப்ரோ ஷாப்கள் துளைக்கூலி கூடுதலாகக் கேட்பார்கள். நியாயம்தான், அவருக்கு அதில்தான் பிழைப்பு.

பிள்ளைகளுக்கு? கண்ணை மூடிக்கொண்டு பழசு. கை வருடத்துக்கு வருடம் வளரும், எடையும் எட்டு, பத்து, பன்னிரண்டு பவுண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் குறைந்த எடைகளில் உயர்ரக மாடல் வாங்கினாலும் விளம்பரத்தில் காட்டிய கோருக்குப் பதில் பெரும்பாலும் ஒரு பொதுவான கோர்தான் உள்ளே இருக்கும், அந்தப் பெயருக்காக 200 டாலர் கொடுப்பதில் அர்த்தமில்லை. லீக்கில் வேறு பிள்ளையின் அப்பா அம்மாவிடம் கேட்டாலே போதும், கராஜில் ஒன்று சும்மா கிடக்கும்.

விற்பவரிடம் பேரம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள், துளை போட்ட அன்றே பந்தின் மறுவிலை பாதியாகிவிடுகிறது. "பத்து ஆட்டம்தான் ஆடினேன்" என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும், அதை நம்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். விரல் துளைகளின் நடுப்பாலத்தை நெருக்கமாக ஒரு படம், வரிசை எண் தெரிய ஒரு படம், எண்ணெய் வளையம் தெரிய ஒரு படம், அடைத்துத் துளைத்த பந்தா இல்லையா என்று ஒரு வரி பதில், இவ்வளவும் கேளுங்கள். நிஜமாகவே குறைவாக ஆடியவர் அஞ்சு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார். ரெண்டு நாளாகியும் படம் வரவில்லை என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள், சந்தையில் பந்துக்குப் பஞ்சமே இல்லை.